அடிபட்ட காலால் அடித்த சல்யூட்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொன்னால் கொஞ்சம் மரியாதை மிஞ்சும். மருத்துவ வாரியத்தின் முன்னால் பரிசோதனைக்கு வந்த போலீஸ் ஏட்டு ஒருவர் சல்யூட் அடித்தார். வாரியத்தில் எலும்பு டாக்டராக உட்கார்ந்திருந்த நான் நாற்காலியை விட்டு எழுந்து அவருக்குப் பதில் சல்யூட் அடித்தேன். அதுவும் இடது கையால். வலது கையில் டீ கிளாஸ் இருந்தது.

என் ராணுவ அனுபவம் என்பது பள்ளிக்கூடத்தில் சில வாரங்கள் என்.சி.சி.யில் இருந்ததுதான். பூட்ஸ் கடித்ததால் நின்றுவிட்டேன். ஆனாலும் உடம்பு எதையோ ஞாபகம் வைத்துக்கொண்டு, என்னைக் கேட்காமலே எழுந்துவிட்டது. டீயில் பாதி என் சட்டையில், மீதி அரசாங்கக் கோப்பில். வாரியத் தலைவர் என்னைப் பார்த்தார். எழுத்தர் மின்விசிறியைப் பார்த்தார். ஏட்டு மட்டும் நேர் எதிரே இருந்த சுவரைப் பார்த்தபடி அசையாமல் நின்றார். அவர் அப்படி நின்றதுதான் இந்தக் கட்டுரை.

இதை எழுதச் சொன்னவர் டாக்டர் வளர்மதி. என்னிடம் பயிற்சி எடுத்தவர், இப்போது அதே வாரியத்தில் நான் இருந்த நாற்காலியில் இருக்கிறார். ஒரு நாள் போன் செய்தார்.

“சார், இப்பல்லாம் போலீஸ்காரங்களோட காயப் பென்சன் கேசுல ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் எழுதச் சொல்றாங்க. உங்க காலத்துல காரணம் எப்படி எழுதுவீங்க?”

“எழுத மாட்டோம்மா.”

“சும்மா வெளாடாதீங்க சார்.”

“நெசமாத்தான். எங்க காலத்துல அதுக்கு எடமே விடல.”

கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு, “அப்ப அந்த சல்யூட் கதையும் நெசம்தானா? கேன்டீன்ல இன்னமும் சொல்றாங்க. நம்ம டாக்டருங்க சங்க மலருக்கு எழுதித் தாங்க சார்” என்றார்.

உடனே சரி என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று சொன்னால் போனை வைத்துவிடுவாரே. மதுரை விளாங்குடி வீட்டில் என்னோடு பேசுவது இப்போது குக்கர் ஒன்றுதான். அதையும் மூன்று வார்த்தைக்கு மேல் பேசவிடாமல் நானே அணைத்துவிடுகிறேன். மனைவி போன பிறகு நகைச்சுவைக்கு வீட்டில் ஆளில்லை. மகன் ஞாயிற்றுக்கிழமை கனடாவிலிருந்து வீடியோவில் வருவான். நான் ஏதாவது ஜோக் சொல்லும்போது சரியாகப் படம் உறைந்துவிடும். சிரித்தானா இல்லையா என்று கடைசிவரை தெரியாது.

படிப்பு, பயிற்சி, கிராமத்து ஆஸ்பத்திரி, மேற்படிப்பு, கல்யாணம், கட்டு போட்டது, கட்டு பிரித்தது எல்லாவற்றையும் இந்த ஒரு வரியோடு விட்டுவிடுகிறேன். மற்ற டாக்டர்கள் செய்ததைத்தான் நானும் செய்தேன். வாரியம் மட்டும் வேறு மாதிரி. ஆஸ்பத்திரியில் வருகிற ஆள் மறுபடி வருவார். திட்டுவதற்காவது வருவார். வாரியத்துக்கு வருகிறவர் கொஞ்ச நேரம் நிற்பார், நாங்கள் அவர் வாழ்க்கையில் ஒரு வரி எழுதுவோம், அவர் போய்விடுவார். அந்த வரி அவரை எங்கே கொண்டுபோய் விட்டது என்று எங்களுக்கு யாரும் சொல்வதில்லை. நாங்களும் கேட்பதில்லை. பல வருஷம் புதன்கிழமை தோறும் இதைச் செய்தேன். எனக்கு முழங்கால்களைத் தெரியும், தோள்பட்டைகளைத் தெரியும். ஆட்களைத் தெரியாது.

வாரியம் நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். ஒரு நீள மேஜை. அதற்குப் பின்னால் மூன்று நாற்காலிகள். நடுவில் தலைவர், ஒரு பக்கம் கண் டாக்டர், இன்னொரு பக்கம் நான். மேஜைக்கு முன்னால் நாற்காலி கிடையாது. போடக் கூடாது என்று யாரும் உத்தரவு போடவில்லை. ஆனால் யாரும் போடவும் இல்லை. எழுத்தர் பெயரைக் கூப்பிடுவார். ஆள் உள்ளே வந்ததும் போட்டோவையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார், உடம்பிலுள்ள மச்சத்தைச் சரிபார்ப்பார். பிறகு திரைக்குப் பின்னால் படுக்க வைத்து எந்த உறுப்போ அதற்கான டாக்டர் பார்ப்பார். திரும்பி வந்ததும் தலைவர் முடிவைச் சொல்வார், நான் எழுதுவேன், மூவரும் கையெழுத்துப் போடுவோம். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் எழுதும் வேலை எனக்கு வந்தது. டாக்டருக்குக் கையெழுத்து நன்றாக இருந்தால் எவ்வளவு ஆபத்து என்பது பின்னால் தெரியவந்தது.

போலீஸ்காரர் வேலையில் இருக்கும்போது காயம்பட்டு, அதனால் இனி வேலை பார்க்க முடியாது என்று ஆனால், அவருக்கென்று தனியாகக் காய ஓய்வூதியம் உண்டு. அதற்காக வாரியத்திடம் இரண்டு கேள்வி கேட்பார்கள். உடம்பு எவ்வளவு கெட்டிருக்கிறது? கெட்டது வேலையாலா? இரண்டாவது கேள்விக்கு ஆமாம் என்றால் அவருக்கும், அவருக்குப் பின் அவர் வீட்டுக்கும் ஒரு பிடிமானம். இல்லை என்றால் உடல் தகுதி இல்லாதவர் என்ற பட்டத்தோடு வெறுமனே வீட்டுக்குப் போவார். அடிபட்டது அவருடைய சொந்த விவகாரம் என்று ஆகிவிடும்.

எங்கள் தலைவர் பொது மருத்துவர். குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். முடிவு சொல்லும் முன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையின் ஒரு முனையால் வலது கண்ணாடியையும் மறுமுனையால் இடது கண்ணாடியையும் துடைப்பார். ஒரு முனையால் இரண்டையும் துடைத்து நான் பார்த்ததில்லை. துடைத்து மாட்டியதும் ஒரு வரி வரும். அதில் அடித்தல் திருத்தல் இருக்காது. நான் சேர்ந்த புதிதில், முடிவுக்குக் கீழே இரண்டு வரி காரணம் எழுதினேன். அவர் பொறுமையாக அந்தத் தாளை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு எனக்கு வேறு தாள் கொடுத்தார்.

“தம்பி, காரணம்னு ஒண்ணு எழுதுனா அது கோர்ட்டுக்கு நாமளே கட்டிக் குடுக்குற படிக்கட்டு. முடிவ மட்டும் எழுதுங்க. அவங்க ஏறி வர எடமே இருக்காது.”

எனக்கு அது பெரிய ஞானமாகத் தெரிந்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். “அப்ப நான் எதுக்குத் திட்டுறேன்னும் இனிமே சொல்ல மாட்டேன், வெறுமனே திட்டுறேன்” என்றாள். அவளிடம் தலைவரின் ஞானம் செல்லவில்லை.

இப்போது ஏட்டையாவுக்கு வருகிறேன். பெயர் சோணைமுத்து. கப்பலூர் பக்கம் சாலையில் வாகனச் சோதனை வேலை. தொழிற்பேட்டையிலிருந்து வந்த ஒரு மினி லாரி, இரும்புத் தடுப்பை உரசிக்கொண்டு போனது. தடுப்பு சாய்ந்து அவருடைய இடது முழங்கால் மேல் விழுந்தது. தடுப்பைத் தூக்கி நிறுத்திவிட்டு, மாற்று ஆள் வரும்வரை அங்கேயே நின்று வேலை பார்த்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு மறுநாள்தான் போனார். அதன் பிறகு வைத்தியம், லீவு, மறுபடி வைத்தியம். கடைசியில் எங்கள் வாரியம்.

உள்ளே வந்தார். இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை, மின்னுகிற பெல்ட். பரிசோதனைக்கு லுங்கி கட்டி வருகிறவர்களைத்தான் நாங்கள் பார்த்திருக்கிறோம். இவர் அணிவகுப்பு மைதானத்துக்கு வருவது போல நடந்து வந்து, மேஜைக்கு முன்னால் நின்று, இடது காலைத் தூக்கி ஓங்கித் தரையில் அறைந்து சல்யூட் அடித்தார். மேஜைமேல் தண்ணீர் டம்ளர் அதிர்ந்தது. நான் எழுந்தேன். மீதி உங்களுக்குத் தெரியும்.

டீயைத் துடைத்துவிட்டு அவரைத் திரைக்குப் பின்னால் கூட்டிப் போனேன். மூட்டில் கை வைத்தால் சூடாக இருந்தது. வீக்கம் இருந்தது. மடக்கச் சொன்னால் பாதியில் நின்றது. இடது தொடை வலது தொடையைவிட மெலிந்திருந்தது. காலைச் சரியாக ஊன்றாமல் மாதக்கணக்கில் நடந்தால்தான் அப்படி ஆகும். அதை நடித்துக் காட்ட எந்த நடிகனாலும் முடியாது.

“வலிக்குதா ஏட்டையா?”

“பரவாயில்லைங்கய்யா.”

இன்னொரு இடத்தில் அழுத்தினேன். அவர் மேலுதட்டில் வியர்வை பூத்தது.

“இங்க?”

“பரவாயில்லைங்கய்யா.”

“அப்ப எங்கதான் வலிக்குது?”

“ஐயா பாத்துச் சொன்னாச் சரிதாங்கய்யா.”

வெளியே வந்து தலைவரிடம் சொன்னேன். “சார், வீக்கம் இருக்கு. மடங்கறதும் கம்மியா இருக்கு. தொடையும் இளைச்சிருக்கு.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “தம்பி, அந்தக் காலாலதான இந்த அறை அறைஞ்சாரு? எனக்கே நெஞ்சு அதிர்ந்துச்சு. மூட்டு போன ஆளு அப்படி அறைவாரா? அடிபட்ட அன்னிக்கும் ட்யூட்டி முடியிற வரைக்கும் நின்னிருக்காரு. நீங்க கேட்டப்பவும் வலின்னு சொல்லல.” வலது கண்ணாடி, இடது கண்ணாடி. “எழுதிக்கங்க. வயதின் காரணமான மூட்டுத் தேய்மானம். பணியால் ஏற்பட்டதல்ல.”

எழுதினேன். வாசலில் இன்னும் நிறைய பேர் நின்றிருந்தார்கள். ஏட்டு அதே இடத்தில், அதே சுவரைப் பார்த்து நின்றிருந்தார். அப்போதுதான் தலைவர் தன் வாழ்நாள் விதியைத் தானே மீறினார். அந்தக் கால் சத்தம் அவரை அவ்வளவு கவர்ந்திருக்க வேண்டும்.

“இன்னொரு வரி சேத்துக்கங்க தம்பி. நிமிர்ந்து நடந்து வந்து, விறைப்பாக சல்யூட் செய்தார்.”

என் அழகான கையெழுத்தில் அதையும் எழுதினேன். அந்த வாரியம் எழுதிய ஒரே காரணம் அதுதான். தலைவரின் படிக்கட்டுக்கு முதல் படி.

அடுத்த வருஷம் கோர்ட்டிலிருந்து ஓலை வந்தது. சோணைமுத்து ரிட் மனு போட்டிருந்தார். தலைவர் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார், கண் டாக்டர் மாற்றலாகிப் போய்விட்டார். கோப்போடு யாராவது ஒரு உறுப்பினர் நேரில் வர வேண்டும் என்றால் மிச்சமிருந்த உறுப்பினர் நான் ஒருவன்தான். ஒத்தக்கடையைத் தாண்டி ஹைகோர்ட் வாசலில் போய் இறங்கினேன். கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு போட்டிருந்தேன். பொத்தான் போட முடியவில்லை, கோப்பை வயிற்றோடு அணைத்து மறைத்துக்கொண்டேன். போய் உட்கார்ந்தது தப்பான கோர்ட் ஹால். மத்தியானம் வரை ஒரு கிணற்றுப் பங்கு வழக்கைக் கேட்டுக்கொண்டிருந்தேன். யாருக்குப் பங்கு என்று நான் ஒரு முடிவுக்கும் வந்துவிட்ட நேரத்தில், அரசு வக்கீலின் ஆள் வந்து என்னைக் கண்டுபிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

சோணைமுத்துவின் வக்கீல் ரஹீமா என்ற இளம்பெண். பழைய ஊருக்குள் பாத்திரக்கடை வைத்திருப்பவரின் மகள். அவர் மனுவை வாசித்தார். கூட்டம் கூர்ந்து கேட்டது, ஏனென்றால் அதில் நான் இருந்தேன்.

“மூன்றாவது உறுப்பினர் எழுந்து நின்று மனுதாரருக்குப் பதில் சல்யூட் செய்தார். எனவே தான் உயர் அதிகாரிகள் முன்னால் அணிவகுப்பில் நிற்பதாகவே மனுதாரர் கருதினார். நிலை தளர்த்தச் சொல்லி யாரும் உத்தரவிடாததால் கடைசிவரை அப்படியே நின்றார்.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்னைப் பற்றிய ஜோக்கில் முதலில் சிரிப்பது என் பழக்கம். ஆனால் பாதியில் நிறுத்திவிட்டேன். ஏனென்றால் அதில் ஜோக் எதுவும் இல்லை. நான் மட்டும் எழுந்திருக்காமல், வாங்க ஏட்டையா என்று சாதாரணமாகச் சொல்லியிருந்தால், அவர் ஒரு காலில் சாய்ந்து நின்றிருப்பார்.

ரஹீமா தொடர்ந்தார். “இவர் வலி இல்லாமல் சல்யூட் அடிக்கவில்லை. எதிரே அதிகாரிகள் இருந்ததால் அடித்தார். பணிவையே நோய் இல்லை என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டால், பணிந்து நடக்கிற எந்தப் போலீஸ்காரரும் காய ஓய்வூதியம் வாங்க முடியாது.”

அரசு வக்கீல் எழுந்து, டாக்டர்கள் சொன்ன மருத்துவ முடிவில் கோர்ட் தலையிட முடியாது என்றார். நீதிபதி தலையை ஆட்டி ஒப்புக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. பிறகு அவர் என்னைப் பார்த்தார். தமிழில் பேசினார்.

“டாக்டர், இந்த முழங்கால் எத்தனை சதவீதம் போச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். அது எனக்குத் தெரியாது. நீங்க தெரிஞ்சுக்கிட்டுத்தான் சொன்னீங்களான்னு மட்டும்தான் நான் பாக்கணும். சரியா?”

“சரிங்க மை லார்டு.”

“சல்யூட் எந்த மருத்துவப் பரிசோதனையில வருது?”

“எதுலயும் வரல மை லார்டு.”

அரசு வக்கீல் என் கோட்டின் பின்பக்கத்தை இழுத்தார். ஏற்கெனவே இறுக்கமான கோட்டு.

“நீங்க கால் மூட்டப் பாத்தீங்களா?”

“பாத்தேன். சூடு இருந்துச்சு, வீக்கம் இருந்துச்சு. மடங்கறது கம்மி. தொடை இளைச்சிருந்துச்சு.”

“இதெல்லாம் இதுல இல்லையே.”

“இல்லைங்க மை லார்டு.”

“ஏன்?”

“சொல்லச் சொல்ல எழுதுனேன். இது சொன்னதுல வரல.”

இப்போது ஹாலே சிரித்தது. நீதிபதி சிரிக்கவில்லை. அவர் உத்தரவைச் சொல்லச் சொல்ல, அங்கேயும் ஒருவர் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். என் இனம் என்று நினைத்துக்கொண்டேன். வாரியத்தின் முடிவு ரத்து. காரணம் இல்லாத முடிவு முடிவே ஆகாது. காரணம் என்று எழுதிய ஒன்றும் மருத்துவக் காரணம் இல்லை. வேறு மாவட்டத்தில் புதிய வாரியம், இங்கிருந்து யாரும் அதில் இருக்கக் கூடாது. காலை அளந்து பார்க்க வேண்டும், அடிபட்டது எப்படி என்று அவரையே கேட்க வேண்டும், ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் எழுத வேண்டும். ஓய்வூதியம் கொடு என்று நீதிபதி சொல்லவில்லை. டாக்டர் வேலையை டாக்டர்களே ஒழுங்காகச் செய்யட்டும் என்று திருப்பி அனுப்பினார். அதைப் பலரும் தப்பாகப் புரிந்துகொண்டு, கோர்ட் என்ன வைத்தியம் படித்ததா என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். கோர்ட் வைத்தியம் பார்க்கவில்லை. நாங்கள் பார்க்கவில்லை என்பதைத்தான் பார்த்தது.

வெளியே நடைகூடத்தில் பெஞ்சில் சோணைமுத்துவும் அவர் மனைவியும் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் பெஞ்சின் கைப்பிடியைப் பிடித்து எழுந்தார். எழுவதற்கு எவ்வளவு நேரமாகிறது என்று அப்போதுதான் பார்த்தேன். எழுந்ததும் இடது காலை அறைந்து சல்யூட் அடித்தார்.

“இந்தா பாருங்க, இதத்தான் சொல்றேன்” என்றார் அவர் மனைவி பாக்கியம். “நீங்கதான் திருப்பி அடிச்ச டாக்டரா? ஒரு சேரு போட்டிருந்தா இம்புட்டுத் தூரம் வந்திருக்க வேணாம்ல. எம்புட்டு வலின்னாலும் ஆபீசரு முன்னாடி சொல்ல மாட்டாரு. எங்கிட்டயே சொல்ல மாட்டாரு சார். கக்கூசுல உக்காந்தா நாந்தான் போயித் தூக்கி விடணும். பல்லக் கடிக்கிற சத்தத்த வச்சுத்தான் அன்னிக்கு வலி எம்புட்டுன்னு நானே கணக்குப் போட்டுக்குவேன்.”

“பேசாம இரு பாக்கியம். ஐயா நிக்கிறாக.”

“நிக்கட்டும். அவுகளுக்கு ரெண்டு காலும் நல்லாத்தான இருக்கு.”

எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துப் போயிற்று. என்னை யாரும் அப்படிச் சரியாகக் கணக்குப் போட்டதில்லை, என் மனைவியைத் தவிர. நான் சோணைமுத்துவிடம் திரும்பினேன்.

“ஏட்டையா, அடுத்த போர்டுல சல்யூட் அடிக்காதீங்க. டாக்டருங்க உங்களுக்கு ஆபீசர் இல்ல. வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க.”

“சரிங்கய்யா” என்று சொல்லி மறுபடி சல்யூட் அடித்தார்.

மதுரைக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வந்தேன். ஏதாவது ஜோக் தோன்றுமா என்று பார்த்தேன். தோன்றவில்லை. அன்று சாயங்காலம் பழைய தலைவருக்குப் போன் செய்து உத்தரவைச் சொன்னேன். முழுவதும் கேட்டார். நடுவில் கண்ணாடியைத் துடைத்திருப்பார் என்று நினைக்கிறேன். “படிக்கட்ட நீங்களே கட்டிக் குடுத்துட்டு வந்துட்டீங்க தம்பி” என்றார். வைத்துவிட்டார். அதன் பிறகு அவர் என்னை எந்த விசேஷத்துக்கும் அழைக்கவில்லை. நல்ல மனிதர் அவர். வாரியத்தில் அவர் எழுதவைத்த முடிவுகளில் பலவும் சரியானவைதான். ஏன் சரி என்று மட்டும் இப்போது யாராலும் சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரி கேன்டீனில் நான் நுழைந்தால் எல்லாரும் எழுந்து சல்யூட் அடிப்பது வழக்கமாயிற்று. நானும் இடது கையால் திருப்பி அடிப்பேன். கேன்டீனே சிரிக்கும். பிறகு அவரவர் மேஜைக்குத் திரும்பிவிடுவார்கள். நான் டீயை எடுத்துக்கொண்டு காலியாக இருக்கும் மேஜையைத் தேடிப் போவேன். எல்லாரையும் சிரிக்க வைக்கிறவன் பக்கத்தில் சும்மா உட்கார யாருக்கும் தோன்றுவதில்லை. இது புகார் இல்லை, கவனித்ததைச் சொல்கிறேன்.

புதிய வாரியம் என்ன சொன்னது என்று எனக்குத் தெரியவரவில்லை. வேறு மாவட்டம், எனக்கு அதில் வேலை இல்லை. கேட்டிருக்கலாம். கேட்டு, இல்லை என்று பதில் வந்தால் என்ன செய்வது? அந்த யோசனையிலேயே வருஷங்கள் போயின. ஓய்வும் பெற்றேன். பல வருஷம் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குப் போன மாதம் சும்மா போனபோது வாசலில் காவலாளி ஓ.பி. சீட்டு கேட்டார். போய் வரிசையில் நின்று வாங்கினேன். மூட்டு வலி என்று சொல்லித்தான். பொய்யில்லை, எலும்பு டாக்டரின் இடது மூட்டும் இப்போது தகராறு செய்கிறது.

வளர்மதிக்குச் சரி என்று சொல்லிவிட்ட பிறகு, கடைசிப் பக்கம் இல்லாத கதையை எப்படிக் கொடுப்பது? ரஹீமாவின் நம்பரைத் தேடிப் பிடித்தேன்.

“டாக்டர் சார், உங்கள எப்படி மறக்க முடியும்?” என்றார். “எங்க அத்தாகிட்ட உங்க கதையச் சொன்னப்ப பாத்திரக்கடையில கையில இருந்த குண்டாவக் கீழ போட்டுட்டாங்க.”

“அத விடும்மா. அந்தப் புது போர்டு என்ன சொல்லுச்சு?”

“உங்களுக்குத் தெரியாதா? அங்கயும் உள்ள போனதும் சல்யூட்தான். எவ்ளோ சொல்லி அனுப்பியும் கேக்கல. ஆனா அங்க தலைவரா இருந்தது ஒரு லேடி டாக்டர். சல்யூட்டக் கண்டுக்கவே இல்ல. ‘வாங்க, கீழ சம்மணம் போட்டு உக்காருங்க’ன்னு சொன்னாங்களாம். ஆபீசர் சொன்னா அவரு செய்வாருல்ல, எப்படியோ உக்காந்துட்டாரு. ‘இப்ப எந்திரிங்க’ன்னாங்க. முடியல. ரெண்டு பேரு வந்து தூக்கினாங்க. அப்புறம் டேப் வச்சு அளந்து, அடிபட்ட கதையக் கேட்டு, ரெண்டு பக்கம் காரணம் எழுதுனாங்க. வேலையில பட்ட காயம்தான்னு. காயப் பென்சன் வந்திருச்சு சார்.”



“சார்? லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேம்மா. படம் உறைஞ்சிருச்சு” என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது. ஒத்தக்கடையில், ஒரு காலேஜுக்கு எதிரே பாக்கியம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதாகச் சொன்னார்.

மறுநாள் காலை கிளம்பினேன். விளாங்குடியிலிருந்து ஒரு பஸ், மாட்டுத்தாவணியில் இறங்கி இன்னொன்று. கையில் ஆதார் அட்டை வைத்திருந்தேன். சும்மா வந்தேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்ததால், ஜெராக்ஸ் எடுக்க வந்தேன் என்று சொல்வதாகத் திட்டம். ஜெராக்ஸ் எடுக்க யாரும் விளாங்குடியிலிருந்து ஒத்தக்கடைக்கு வருவதில்லை என்பது பஸ்ஸில் பாதி வழியில்தான் உறைத்தது. நான் டாக்டரானது எப்படி என்று சில சமயம் எனக்கே ஆச்சரியமாக இருக்கும்.

கடை சின்னது. காலேஜ் பிள்ளைகள் மொய்த்து நின்றார்கள். பாக்கியம் மெஷினில் தாள் வைத்துக்கொண்டிருந்தார். ஓர் ஓரத்தில், கட்டையால் உயரம் கூட்டிய நாற்காலியில், இடது காலை முன்னால் நீட்டிப்போட்டு சோணைமுத்து உட்கார்ந்திருந்தார். காக்கி இல்லை. லுங்கி, அரைக்கைச் சட்டை. பேனா வாங்குகிற பையனுக்குச் சில்லறை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது.

பாக்கியம்தான் முதலில் பார்த்தார். கொஞ்சம் உற்றுப் பார்த்து, “அட, சல்யூட் டாக்டரு” என்றார். “இந்தாங்க, யாரு வந்திருக்காக பாருங்க.”

சோணைமுத்து திரும்பினார். அடையாளம் தெரிந்தது என்பது கண்ணில் தெரிந்தது. வருகிற வழியெல்லாம் நான் சொல்ல வேண்டியதைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். அதில் ஒரு மன்னிப்பும் இருந்தது. எல்லாம் மறந்துவிட்டது. கடைப் படியில் நின்று, என் தகராறு பிடித்த காலைச் சேர்த்து வைத்து, நிமிர்ந்து, இந்தத் தடவை வலது கையாலேயே ஒரு சல்யூட் அடித்தேன். மூட்டு சடக்கென்றது. பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் கை மேலே வரவில்லை. நாற்காலியில் சாய்ந்தபடியே என்னைப் பார்த்தார்.

“என்ன ஏட்டையா, பதிலுக்கு ஒண்ணும் இல்லையா? அன்னிக்கு நான் எந்திரிச்சு நின்னு அடிச்சேனே” என்றேன்.

“எந்திரிச்சா வலிக்கும் சார்.”